வேறொருவருடைய எண்

அப்பா யாரோடோ பேசிக்கொண்டிருந்தார்.

அதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. முப்பத்தைந்து வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த மனுஷர். அவர் வாய் சும்மா இருந்தால்தான் டாக்டரைக் கூப்பிட வேண்டும். காலையில் செய்தித்தாளோடு வாதாடுவார், காணாமல்போன செருப்பைத் திட்டுவார், ஆணியில் தொங்கும் குடைக்குக்கூட இரண்டு வார்த்தை வைத்திருப்பார். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த மகளுக்குக் கை அப்படியே நின்றது. அப்பா நடுநடுவே நிறுத்தினார். நிறுத்தி, கேட்டுவிட்டு, "ம்" என்றார். ஒரு நிறுத்தம் சின்னதாக இருந்தது, ஒன்று நீளமாக இருந்தது, இன்னொன்று பாதியிலேயே அறுந்து, "இல்ல இல்ல, நீங்க சொல்லுங்க" என்று முடிந்தது. தனக்குத்தானே பேசுகிறவர்கள் அப்படி நிறுத்துவதில்லை. போனில் பேசுகிறவர்கள்தான் நிறுத்துவார்கள். அப்பாவின் போன் அடுப்படி மேடையில், அவள் முழங்கைக்குப் பக்கத்தில், சார்ஜில் கிடந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள். அவர் நாற்காலியை மூலையைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். மூலையில் அந்தப் புரொப்பெல்லர் இறக்கை சுவரில் சாய்ந்திருந்தது.

"யார்கிட்டப்பா பேசுறீங்க?"

"எங்கப்பாகிட்டதான். உன்கிட்ட பேசினா நீ பதிலுக்குப் பாத்திரத்தை உருட்டுற."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள். திரும்பி வந்து, கழுவி வைத்த டம்ளரையே மறுபடி கழுவினாள். ஏனென்றால் அந்த இறக்கை அவர் அப்பாவுடையது இல்லை என்பது இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்.

வேலையிடத்தில் அவளை எல்லோரும் நம்பரக்கா என்பார்கள். பழைய போர் விமானங்களை வைத்திருக்கிற அருங்காட்சியகம் அது. பின்பக்கக் கொட்டகையில் அவளுக்கு ஒரு நீளமான மேசை, ஒரு டார்ச், கொஞ்சம் சாக்பீஸ் பொடி, அலமாரி நிறையப் பழைய பதிவேடுகள். வயலில் உழும்போதும், கிணறு தோண்டும்போதும், யார் வீட்டு வேலிக்கோ முட்டுக்கொடுத்திருந்ததைப் பிடுங்கும்போதும் கிடைக்கிற இறக்கைகள் அந்த மேசைக்கு வந்து சேரும். விமானத்தின் இரண்டு பக்கமும் விரிகிற இறக்கை அல்ல. மூக்கில் விசிறிபோலச் சுற்றுகிற புரொப்பெல்லரின் இறக்கை. நடுக்குடத்துக்குள் நுழைகிற அதன் கழுத்தில், சுத்தியலால் தட்டி எண் குத்தியிருப்பார்கள். அவள் பெயின்டை ஒவ்வொரு தோலாக உரித்து, சாக்பீஸ் பொடியைத் தேய்த்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து அந்த எண்ணைப் படிப்பாள். பிறகு பதிவேட்டைப் புரட்டி, எந்தப் பட்டறையில் செய்தது, எந்த விமானத்தில் மாட்டியது, அன்றைக்கு அதை ஓட்டியவர் யார் என்று சொல்லிவிடுவாள்.

எண் மட்டுமில்லை, வளைவும் பேசும். எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது மோதியிருந்தால் இறக்கையின் நுனி முன்பக்கமாகச் சுருளும். எஞ்சின் செத்துக் காற்றில் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால் பின்பக்கமாக மடங்கும். விசிறியை நிறுத்தி, பூப்போலத் தரையில் இறக்கியிருந்தால் எல்லா இறக்கையும் நேராக நிற்கும். பதினெட்டு வருஷத்தில் இந்த மூன்றில் ஒன்றையும் அவள் தப்பாகச் சொன்னதில்லை. பொய் சொன்னது ஒரே ஒரு தடவை.

தாத்தா போர் விமானம் ஓட்டப் போனபோது அப்பா பிறந்திருக்கவில்லை. ஒருநாள் காலையில் விமானத்தோடு கிளம்பியவர் திரும்பவில்லை. 'காணவில்லை' என்று ஒரு வரியில் கடிதம் வந்தது. செத்தார் என்று எழுதியிருந்தாலாவது அழுது முடித்திருக்கலாம். ஓடிப்போய்விட்டான், எங்கேயோ வேறு குடும்பம் நடத்துகிறான் என்று தெரு முழுக்கப் பேசியது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அந்தப் பேச்சையெல்லாம் மென்று விழுங்கிய பெண், ஒருநாள் பொறுக்க முடியாமல் இருந்த ஒரே போட்டோவையும் அடுப்பில் போட்டுவிட்டாள். அதனால் அப்பாவுக்குத் தன் அப்பாவின் முகம்கூடத் தெரியாது. ஆனாலும் பஸ்ஸில் தன் அப்பா வயசுக்காரர் யார் ஏறினாலும், முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட்டைக் கிழிப்பார். ரிட்டயர் ஆகும்வரை அந்தப் பழக்கம் போகவில்லை. அதற்குள் அந்த வயசுக்காரர்கள் பஸ்ஸில் ஏறுவதே நின்றுபோயிருந்தது.

இரண்டு மாதத்துக்கு முன்னால், ஆற்று முகத்துவாரத்தில் மணல் வாரும்போது ஒரு விமானத்தின் முன்பகுதி, ஓட்டியின் இருக்கையோடு கிடைத்தது. கொட்டகையில் சேற்றைக் கழுவி அவள் எண்ணைப் படித்தாள். பதிவேட்டில் இருந்தது தாத்தாவின் பெயர். அவள் எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி படித்தாள். அதே எண்தான். அதற்குப் பிறகுதான் இறக்கைகளைப் பார்த்தாள். மூன்றும் நேராக இருந்தன, ஒரு கீறல் இல்லாமல். இருக்கையின் பெல்ட் அறுந்திருக்கவில்லை, கொக்கியைக் கழற்றி விட்டிருந்தது. எலும்பு என்று ஒரு துண்டும் இல்லை. தாத்தா எஞ்சினை நிறுத்தி, வற்றிக் கிடந்த மணலில் விமானத்தை மெதுவாக இறக்கி, பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கி நடந்து போயிருக்கிறார்.

தெரு சொன்னது உண்மைதான்.

எண்பத்தொரு வயசு ஆளிடம் இதை எப்படிச் சொல்வது? அவள் மூன்று நாள் யோசித்தாள், தூங்கவில்லை. நான்காம் நாள், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், கடைசி அலமாரிக்குப் பின்னால் நாற்பது வருஷமாகச் சாய்ந்திருந்த ஒற்றை இறக்கையை இழுத்துப் போட்டாள். தீயில் கருகி, நுனி முன்பக்கம் சுருண்டு, எண் இருந்த இடம் உருகி மழுங்கிய இறக்கை. 'அடையாளம் தெரியவில்லை' என்று அதில் ஒரு சீட்டு தொங்கியது. எண் குத்துகிற அச்சும் சுத்தியலும் கொட்டகையிலேயே இருந்தன. அந்தக் காலத்து ஆட்கள் அவசரத்தில் அடித்ததுபோல ஒரு இலக்கத்தைக் கொஞ்சம் சாய்த்து, ஒன்றை ஆழமாக, ஒன்றை மேலோட்டமாகத் தட்டினாள். தாத்தாவின் விமானத்து இறக்கை எண் யாரோ ஒருவர் செத்த இறக்கையின் கழுத்தில் ஏறியது. தொழிலில் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. அவளுக்கு அது நன்றாகத் தெரியும், தெரிந்துதான் செய்தாள்.

அப்பாவை அழைத்துவந்து காட்டினாள். அவர் அந்தச் சுருண்ட நுனியைத் தடவிப் பார்த்தார்.

"அப்போ ஓடிப்போகலையா?"

"இல்லப்பா. கடைசிவரைக்கும் எஞ்சினை விடாம ஓட்டியிருக்காரு."

"வலிச்சிருக்குமா?"

"கண்ணை மூடித் திறக்கிற நேரம்தான்."

அவர் இறக்கையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு "அப்பா" என்றார். சரியாக வருகிறதா என்று பார்ப்பதுபோல இன்னொரு தடவை சொன்னார். அந்த வார்த்தையை அவர் வாழ்நாளில் யாரையும் பார்த்துச் சொன்னதில்லை. பிறகு நிறுத்தவே இல்லை. அப்பா, அப்பா என்று கொட்டகை முழுக்கக் கேட்க அழுதார். வெல்டர்கூட வெல்டிங்கை நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நாள் வீட்டில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டபோது யாருக்கும் மறுக்க மனசு வரவில்லை. வெல்டரும் அவளும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, அதை அப்பாவின் அறை மூலையில் கொண்டுவந்து சாய்த்தார்கள்.

பேச்சு ஆரம்பித்தது அதற்கு மூன்றாவது வாரம்.

முதலில் அவள் அதை வயசின் கணக்கில் சேர்த்தாள். பிறகு ஃபேன். வியர்த்துக் கொட்டுகிற புழுக்கத்தில் அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருப்பார், தலைக்கு மேலே ஃபேன் அசையாமல் தொங்கும். அவள் போட்டுவிட்டுப் போனால் அடுத்த நிமிஷம் அணைந்திருக்கும்.

"ஏம்ப்பா, வேகலையா உங்களுக்கு?"

"அவருக்கு அந்தச் சுத்துற சத்தம் ஆகலம்மா. முகத்தைத் திருப்பிக்கிறாரு."

பிறகு வாசனை. எண்ணெய் சூடேறிக் கருகுகிற வாசனை, அதற்கு அடியில் ஈரத்துணி பொசுங்குவதுபோல இன்னொன்று. அவள் கேஸ் குழாயைச் சோதித்தாள், சுவிட்ச் பலகையை மோந்து பார்த்தாள், எலெக்ட்ரீஷியனை வரவழைத்து வீடு முழுக்கக் கழற்றி மாட்டச் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒயரில் ஒரு கோளாறும் இல்லை என்றார். அப்பாவின் அறைக்குள் மட்டும் ஒரு நிமிஷத்துக்கு மேல் நிற்காமல், அங்கே எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பாத்திரத்தை முடித்துவிட்டு அவள் டீ கொண்டுபோனபோது, அப்பா எதையோ யோசித்தபடி இருந்தார்.

"எங்கம்மா பேரைச் சொன்னேன். யாருன்னு கேக்குறாரு."

அவள் டம்ளரைக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"ஞாபகம் இல்லையாம். மலையைப் பத்திதான் திரும்பத் திரும்பச் சொல்றாரு. மேகத்துக்குள்ள மலை இருந்துச்சாம், தெரியவே இல்லையாம். நீ ஒரு நாளும் மலைன்னு சொல்லலையேம்மா?"

அவள் சொல்லவில்லை. அவளுக்கே தெரியாது. அந்தச் சீட்டுக்குப் பின்னால் என்ன கதை இருக்கிறது என்று அவள் தேடிப் பார்த்ததில்லை, தேடக் கூடாது என்றுதான் தேடவில்லை. அவர் எழுந்து பாத்ரூம் போன நேரத்தில், மனசைத் திடப்படுத்திக்கொண்டு மூலைக்குப் போய் இறக்கையின் கழுத்தில் கை வைத்தாள். உலோகம் எந்த வெயிலிலும் நிழலில் இருந்தால் குளிர்ந்துதான் இருக்கும். இது காய்ச்சல்காரரின் நெற்றிபோல இருந்தது. அவள் குத்திய எண்ணுக்கு அடியில், விரலுக்கு, ஏதோ மெல்ல ஏறி இறங்கியது.

மறுநாள் வேலைக்குப் போனதும் பழைய வரவுப் பதிவேட்டை எடுத்தாள்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்றார் வெல்டர்.

"தூக்கமில்ல."

பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. கத்தியால் பிரித்தாள். யாரோ மங்கிய மையில் நாலே வரி எழுதியிருந்தார்கள். மலைச்சரிவு. தீப்பிடித்து முழுவதும் எரிந்தது. ஓட்டி ஒருவர், பெயர் தெரியவில்லை. கடைசி வரி: கேட்டு இதுவரை யாரும் வரவில்லை.

அவள் அந்தக் கடைசி வரியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எண்பது வருஷம் யாரும் கேட்டு வராத ஒருவரை, அவளே ஒரு எண்ணைக் குத்தி, ஒரு பிள்ளையைக் கூட்டிவந்து நிறுத்தி, அப்பா என்று கூப்பிட வைத்திருக்கிறாள். பாவம், அவர் என்ன செய்வார்? கூப்பிட்டால் வரத்தான் செய்வார். பயத்தையும் மீறி அவளுக்கு அழுகை வந்தது.

நாளைக் காலையில் வண்டி கொண்டுவந்து இறக்கையைத் திருப்பி எடுத்துப்போகும்படி வெல்டரிடம் சொன்னாள். ஆனால் இறக்கை போனால் மட்டும் போதாது என்று அவளுக்குத் தோன்றியது. பொய்யைச் சொல்லி வரவழைத்ததை உண்மையைச் சொல்லித்தான் அனுப்ப வேண்டும். சொன்னால் அப்பா தாங்குவாரா? அவருக்கு இந்த வயசில் கிடைத்த ஒரே ஒரு சொந்தம் அது. சொல்லாவிட்டால் அது அந்த அறையிலேயே இருக்கும், அவரோடு. வழி நெடுக இதையே மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

மழை பிடித்துக்கொண்டது. மணி ஐந்தரைதான், அதற்குள் வீட்டுக்குள் பார்வை மங்கியிருந்தது. கூடத்து விளக்கைப் போட்டாள். அப்பாவின் அறையில் விளக்கு எரியவில்லை. கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே அப்பா பேசும் சத்தம் கேட்டது. மழைச் சத்தத்துக்கு நடுவே அவர் நிறுத்தினார். அந்த இடைவெளியில், முதல்முறையாக, அவளுக்கும் கேட்டது. வார்த்தை இல்லை. வறண்ட தொண்டையில் காற்று உரசுகிற சத்தம். ஏறியது. இறங்கியது. பிறகு அப்பா "ம்" என்றார்.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"அப்பா. ஒண்ணு சொல்லணும்."

"உள்ள வாம்மா."

"இங்கேர்ந்தே சொல்றேன்." கதவைத் தள்ளாமலே சொன்னாள். "அது தாத்தாவோட இறக்கை இல்லப்பா. அந்த நம்பரை நான்தான் குத்தினேன். தாத்தாவோடது வேற. ஆத்து மணல்ல கிடைச்சுது. மூணு இறக்கையும் நேரா இருக்கு. பெல்ட்டைக் கழட்டி விட்டிருக்கு. அவர் சாகலப்பா. இறங்கி நடந்து போயிட்டாரு."

மழை பெய்துகொண்டிருந்தது. அவள் காத்திருந்தாள். வாசனை குறையும் என்று, அறை காலியாகும் என்று, ஏதோ ஒன்று விட்டுப் போகும் என்று. எதுவும் போகவில்லை.

"எந்தப் பக்கம்?" என்றார் அப்பா.

"என்னப்பா?"

"எந்தப் பக்கம் நடந்து போனாரு?"

"தெரியலப்பா."

"அந்த ஆத்துலேர்ந்து நம்ம பழைய வீடு எவ்வளவு தூரம் இருக்கும்?"

"ஒரு நாள் நடை."

"ஒரு நாள் நடை" என்று அப்பா திருப்பிச் சொன்னார். பஸ்ஸில் இறங்க வேண்டிய நிறுத்தத்தின் பெயரைச் சொல்கிறவர்போல, அமைதியாக. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அவர் விம்முவது மட்டும் கேட்டது.

"என்னை மன்னிச்சிருங்கப்பா."

"நீ என்னம்மா பண்ணுவ." மூக்கை உறிஞ்சினார். "இவரு நேத்து ராத்திரியே சொல்லிட்டாரு. நான் உங்க அப்பா இல்லன்னு. மறைக்கல. நல்ல மனுஷர்."

அவள் கதவு நிலையை விட்டுவிட்டு ஓர் அடி உள்ளே வைத்தாள்.

"நான்தான் சொன்னேன், பரவாயில்ல, இருங்கன்னு. எங்கப்பா ஒரு நாள் நடைக்கு வரல. இவரு எங்கேர்ந்து வந்திருக்காரு பாரு. இவரைக் கேட்டும் யாரும் வரலையாம்மா. ஒருத்தரும்."

பதிவேட்டின் அந்தக் கடைசி வரியை அவள் யாரிடமும் படித்துக் காட்டவில்லை.

கண் இருட்டுக்குப் பழகியது. மூலையில் இறக்கை தெரிந்தது. அதன் பக்கத்தில் அதன் நிழல். சுருண்ட நுனி, சாய்ந்த கழுத்து. நிழல்தான் என்று நினைத்தாள். கூடத்து விளக்கு அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அந்த மூலையில் நிழல் விழ வழியே இல்லை.

அது மூலையை ஒட்டியிருந்த கட்டிலில் உட்கார்ந்திருந்தது.

முன்னால் வளைந்து. ஆள் அளவுக்கு. சின்ன ஆள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயசு இருக்கும். அப்பாவைவிட அறுபது வயசு சின்னவர்.

அப்பா நாற்காலியில் இல்லை. தரையில் உட்கார்ந்திருந்தார், கட்டிலில் சாய்ந்து, தலையை அந்த உருவத்தின் மடியில் வைத்து. கண்ணை மூடியிருந்தார். அவர் தலைமேல் ஒரு கை. கறுத்து, மெலிந்து, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போன கை. அது மெதுவாக அவர் முடியைக் கோதியது. போன இடமெல்லாம் வெள்ளை முடி சுருண்டு பொசுங்கியது. நெற்றியில் தோல் கொப்பளித்திருந்தது. காதுக்குப் பின்னால் நீர் கசிந்துகொண்டிருந்தது.

"அப்பா! எழுந்திரிங்க! சுடுது, அப்பா!"

"சுடும்தான்" என்றார். கண்ணைத் திறக்கவில்லை. முகத்தில் சிரிப்பு. "சின்னப் பையன். பிள்ளையைத் தூக்கிப் பழக்கமில்ல. மெதுவாத்தான் பண்றாரு."

அவள் பாய்ந்து அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் வரவில்லை. பஸ் கம்பியைப் பிடிக்கிற பழைய பிடியில், அதன் முழங்காலைப் பிடித்திருந்தார். அவர் உள்ளங்கையிலிருந்தும் புகை வந்தது.

"விடும்மா. பயப்படாத." குரல் குழந்தைக் குரலாக இருந்தது. "நீயும் ஒரு தடவை தாத்தான்னு கூப்பிடு. நான் ஒருத்தன் கூப்பிட்டே இவ்வளவு தூரம் வந்துட்டாரு. நீயும் கூப்பிட்டா போகவே மாட்டாரு."

கோதிய கை நின்றது.

அது தலையை அவள் பக்கம் திருப்பியது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. கண் இல்லை. வாய் இல்லை. ஒரு காது மட்டும் தீயிலிருந்து தப்பியிருந்தது. முழுசாக, மென்மையாக, இளம் பையனின் காது. அது அந்தக் காதை அவள் பக்கமாகச் சாய்த்து, காத்துக்கொண்டிருந்தது.